தோற்கிறதுல என்னய்யா குத்தம்?

"ஜெயிக்கவே முடியாத கேமை எதுக்குடா ஆடறே?"ன்னு பிள்ளைகளை அதட்டும், என்னைப் போலவே புனேயில் குப்பை கொட்டும் பெற்றோர்களே, ஒரு நிமிஷம்!

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்னு ஒரு கேம். ஆடம்ஸ் சகோதரர்கள் 2006-ல வெளியிட்டது. குள்ளர்களை வெச்சு பாதாளக் கோட்டை கட்டணும். ஜெயிச்சாச்சுங்கிற கட்டமே கிடையாது. ஆத்தோரமா தப்பாத் தோண்டினா கோட்டை முழுகிடும். பழைய வெர்ஷன்கள்ல ஒரு குள்ளன் செத்தா, அவன் சிநேகிதன் துக்கத்துல வெறிபிடிச்சு இன்னொருத்தனை அடிப்பான். அவன் செத்தா அவனோட சிநேகிதன்... கடைசியில மொத்தக் கோட்டையும் காலி! ஆடறவங்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

தோத்தவன் ஆறுதலுக்குச் சிரிக்கிறான்னா நான் ஒத்துக்க மாட்டேன். பேங்க்ல வராக்கடன் ஃபைலைப் புரட்டினா, கணக்கு எங்கே கோணலாச்சுன்னு தெரியும். இங்கேயும் அப்படித்தான், காரணம் கையில கிடைக்கும். அடுத்த கோட்டையை வேற மாதிரி கட்டலாம், பழைய இடிபாட்டையே மீட்டும் ஆடலாம். (காரணமே தெரியாம அடி வாங்கற கேம்னா எனக்கும் எரிச்சல்தான். அதுக்கு நான் வக்காலத்து வாங்கலை.)

காசு கட்டினா ஜெயிக்க வைக்கிற மொபைல் கேமுக்கு கார்டு நம்பர் தர்றீங்க, இதுக்கு மட்டும் தடையா? எந்த ஊர் நியாயம் சாமி? :-)