ஆர்.சி.யில் இல்லாத எண்

2025 அக்டோபரில் கொச்சியில் நடந்த அந்தக் காட்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள். பேருந்துகளிலும் லாரிகளிலும் கழற்றிய ஏர் ஹார்ன்களை வரிசையாகத் தரையில் பரப்பி, அவற்றின் மேல் ரோடு ரோலரை ஓட்டினார்கள். கோதமங்கலம் பேருந்து நிலைய விழாவுக்குள் ஒரு தனியார் பேருந்து அலறிக்கொண்டு வந்ததில் கோபமுற்ற போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ் குமார், ஒரு வாரச் சிறப்புச் சோதனைக்கு உத்தரவிட்டிருந்தார். அவர் நடிகர், எந்தக் காட்சி மனத்தில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். நசுக்கிய ரோலருக்கே புகைச் சான்று இல்லை என்பது பின்னர் தெரியவந்து, அதற்கும் நோட்டீஸ் போனபோது கேரளமே சிரித்தது. சிரிப்பில் ஒரு கேள்வி அடிபட்டுப் போயிற்று. அந்த ஹார்ன்களைச் சுமந்த வண்டிகள் தகுதிச் சான்று பெற்று ஓடியவைதானே? எஃப்.சி. காட்டிய நாளில் அந்த ஹார்ன் எங்கே இருந்தது?

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். திருவனந்தபுரத்தில் முட்டத்தறை மைதானமானாலும் சரி, எல்லை தாண்டி நாகர்கோவில் ஆர்டிஓ அலுவலக வாசலானாலும் சரி, பதினைந்து வயது முடிந்து பதிவைப் புதுப்பிக்க வரும் பைக், மாமனார் வீட்டுக்கு முதல்முறை வந்த மாப்பிள்ளை போல அடக்கமாக நிற்கும். பரணில் சாக்கு சுற்றிக் கிடந்த கம்பெனி சைலன்சர் இறங்கி வந்திருக்கும். இரு பக்கமும் கண்ணாடி, நான்கு இண்டிகேட்டர், சாரி கார்டு, விதிப்படி எழுதிய நம்பர் பிளேட். ஊர் இன்னமும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் சுற்றிப் பார்த்து, சேசிஸ் எண்ணை ஒப்பிட்டுக் கையெழுத்திடுவார். மாலையில் கம்பெனி சைலன்சர் பரணுக்குத் திரும்பிவிடும். ஒரு கிளாம்ப், இரண்டு போல்ட். அரைமணி நேர வேலை. 1996-இல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ இன்றும் பூசை செய்து வைத்திருப்பவர்களில் பலர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தச் சடங்கைப் பிசகாமல் செய்கிறார்கள். ஒரிஜினல் சைலன்சர் கைவசம் இல்லாதவர் நண்பரிடம் இரவல் வாங்குகிறார்.

சரி, முதல் பதினைந்து ஆண்டுகள்? அந்தக் காலம் முழுக்கத் தனியார் பைக்குக்கு நடக்கும் ஒரே கட்டாயப் பரிசோதனை புகைச் சோதனைதான். புதிய வண்டிக்கு ஓராண்டு கழிந்த பிறகு ஆண்டுதோறும், பழைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அங்கே என்ன செய்கிறார்கள்? சைலன்சரின் வாய்க்குள் ஒரு குழாயைச் செருகுகிறார்கள். எஞ்சின் நின்ற இடத்தில் ஓட, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று கணினி சொல்கிறது. நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து ஏற்றியதும் சான்று கைக்கு வருகிறது. செருகியது சத்தத்துக்காகவே மாட்டுகிற இந்தோரி சைலன்சருக்குள்ளா, உள்ளே இருந்த தடுப்பையெல்லாம் பிடுங்கி எறிந்த வெறும் தகரக் குழலுக்குள்ளா என்பது யாருக்கும் கவலையில்லை. சட்டத்தை மீறிய உறுப்புக்குள்ளேயே கையை விட்டு, வண்டி சட்டப்படி இருக்கிறது என்று எழுதித் தருகிற ஒரே நாடு நம்முடையதாகத்தான் இருக்கும். அரசுக்கு மூக்கு இருக்கிறது. 2023 ஜூனில் கேரளத்தில் அபராதம் போடத் தொடங்கிய 726 கேமராக்களால் கண்ணும் இருக்கிறது. காதுதான் இல்லை.

அதனால்தான் அவ்வப்போது ஆபரேஷன்கள் தேவைப்படுகின்றன. 2022 பிப்ரவரியில் மாற்றிய சைலன்சர்களைப் பிடிக்க 'ஆபரேஷன் சைலன்ஸ்' நடந்தது, ஐந்து நாள். அதே ஆண்டு ஜூனில் விழிஞ்ஞம் முக்கோலை பைபாஸில் இரண்டு பைக்குகள் மோதி இரு இளைஞர்கள் இறந்தார்கள். உடனே 'ஆபரேஷன் ரேஸ்', இரண்டு வாரம். 2023 ஜனவரியில் அதே பைபாஸில், திருவல்லத்துக்கும் கோவளத்துக்கும் இடையே, சாலையைக் கடந்த ஒரு பெண்ணும் அவர் மேல் மோதிய சூப்பர் பைக்கை ஓட்டியவரும் இறந்தார்கள். ஆபரேஷனுக்குப் பெயர் சூட்டுவதில் மலையாளிகளை மிஞ்ச ஆளில்லை. முடிந்த மறுநாள் திருவனந்தபுரத்துக் கவடியார் சாலை பழையபடி அதிர்வதிலும் மாற்றமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ள விவரத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் இதைத் தளர்வாகப் படித்தபோது, 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி அருண் மிஸ்ரா அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து கதவைச் சாத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. கைப்பிடிக்கு ஐயாயிரம், சைலன்சருக்கு ஐயாயிரம், மட்கார்டுக்கு ஐயாயிரம் என்று கூட்டிக்கொண்டே போகலாம். ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டுபவருக்கு 190-ஆம் பிரிவில் பத்தாயிரம் வரையிலும் மூன்று மாத உரிமத் தடையும் தனி. தண்டனைக்குப் பஞ்சமில்லை, அளவுகோலுக்குத்தான்.

ஆனால் இதே சட்டத்துக்குள் வேறொரு வழி திறந்தே இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் ஸ்கூட்டருக்குப் பக்கவாட்டில் இரண்டு சக்கரம் பொருத்திக்கொள்ளலாம். ஆய்வாளர் பார்த்து, ஆர்.சி.யில் பதிந்துகொடுப்பார். பெட்ரோல் எஞ்சினை அடியோடு பெயர்த்தெடுத்துவிட்டு மோட்டாரும் பேட்டரியும் பூட்டலாம். புணேயின் ஏஆர்ஏஐ போன்ற நிறுவனம் சோதித்து அனுமதித்த கிட்டாக இருந்தால் போதும். ஹீரோ ஸ்பிளெண்டருக்கு அப்படி ஒரு கிட் 2021-லேயே வந்துவிட்டது. வண்டியின் இதயத்தையே மாற்றலாம், வால் குழாயை மாற்ற மட்டும் வழியில்லை. ராயல் என்ஃபீல்டு 2019-இல், விதிக்கு உட்பட்ட மாற்று சைலன்சர்கள் என்று சொல்லித் தானே ஒரு வரிசையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நல்ல செய்திதான். அதைப் பொருத்திய புல்லட்டைக் கேசவதாசபுரத்தில் மறிக்கிற அதிகாரிக்கு அது விதிக்கு உட்பட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஆர்.சி.யில் அதைப்பற்றி ஒரு வரி கிடையாது. அவருக்கு இருப்பது அவருடைய செவி ஒன்றுதான். அன்று அவர் மனநிலை எப்படியோ, அப்படியே அபராதமும்.

ஜெர்மனியைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். அங்கே மோட்டார் சைக்கிளை இரண்டாண்டுக்கு ஒருமுறை டியூவ் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பிடம் காட்டியாக வேண்டும். தேறினால் நம்பர் பிளேட்டில் வட்டமாக ஒரு வில்லை ஒட்டுவார்கள். தூரத்திலிருந்தே காலாவதியைப் படித்துவிடலாம். ஜெர்மானியன் பைக்கை மாற்றாதவன் அல்லன். உலகிலேயே அதிகமாக மாற்றுகிறவர்களில் அவனும் ஒருவன். ஆனால் அவன் வாங்கும் உதிரிப் பாகத்தோடு ஒரு காகிதம் வரும். சிலவற்றுக்கு அந்த அனுமதிக் காகிதத்தைக் கூடவே வைத்திருந்தால் போதும். சிலவற்றைப் பொருத்திய பிறகு வண்டியை ஆய்வாளரிடம் காட்டி ஆவணத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கடையில் கிடைக்காத ஒன்றைத் தானே பட்டறையில் செய்து பூட்டினால்கூட, தனி ஆய்வுக்குக் கொண்டுபோகலாம். செலவாகும், ஆனால் வழி உண்டு.

இத்தனையும் எனக்கு இரண்டாம்பட்சம். நான் சொல்ல வருவது அந்த ஆவணத்தில் இருக்கும் ஒரு சின்னக் கட்டத்தை. யு.1 என்று போட்டிருக்கும். வண்டி நின்ற நிலையில் எத்தனை டெசிபல் ஒலிக்க வேண்டும் என்பது அதில் அச்சிட்டிருக்கும். அடுத்த கட்டம் யு.2, எந்த எஞ்சின் வேகத்தில் அதை அளந்தார்கள் என்று சொல்லும். சந்தேகம் வந்த போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டி, சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் மைக்கை நீட்டுகிறார். வந்த எண்ணை ஆவணத்தின் எண்ணோடு ஒப்பிடுகிறார். வாக்குவாதம் முடிந்தது. அந்த எண்ணுக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு எல்லைக்கு அப்பால் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தைப் பாருங்கள். 2020 ஜூனில் ராய்ட்டே மாவட்டத்து மலைச் சாலைகள் சிலவற்றில் 95 டெசிபலுக்கு மேல் பதிவான பைக்குகளுக்குக் கோடைக்காலத் தடை விதித்தார்கள். அதைச் செயல்படுத்த மைக்கூடத் தேவைப்படவில்லை, காகிதத்தை வாங்கிப் படித்தால் போதும். ஷோரூமிலிருந்து அப்படியே வந்த விலையுயர்ந்த பைக்குகளும் மாட்டிக்கொண்டதால் பைக்காரர்கள் கொதித்தார்கள். கொதிக்கட்டும். பள்ளத்தாக்கில் குடியிருப்பவனுக்கு அது கம்பெனிச் சத்தமா கடைச் சத்தமா என்பதில் அக்கறை இல்லை.

நம்மிடம் எண் இல்லையா? இருக்கிறது, அதுதான் எரிச்சல். 175 சிசிக்கு மேற்பட்ட பைக் கடந்து போகையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. 80 முதல் 175 சிசி வரை 77. அதற்குக் கீழே 75. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகக் கேட்கும் என்பதை வைத்துக்கொண்டு, உங்கள் தெருவில் இரவு பதினொன்றுக்குப் போகும் புல்லட்டைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் சட்டம் தந்திருக்கும் வரம்பு 45. இதைவிட முக்கியம், 2017 ஏப்ரல் முதல் தயாரிப்பாளர் ஒவ்வொரு வண்டிக்கும் தரும் 22-ஆம் எண் படிவத்தில் ஹார்னின் ஒலியளவையும் கடந்துபோகும் ஒலியளவையும் குறித்தாக வேண்டும். ஆக, எண்ணை அளக்கிறார்கள், எழுதுகிறார்கள், பதிவு அலுவலகத்தில் கொடுக்கிறார்கள். அதன்பின் அது கோப்புக்குள் போய் உறங்குகிறது. நிறம், எடை, சிசி, இருக்கை எண்ணிக்கை எல்லாம் ஏறும் ஆர்.சி. அட்டையில் அதற்கு மட்டும் இடமில்லை.

இனி எதிர்த்தரப்பு. உரத்த சைலன்சர்தான் உயிரைக் காக்கிறது, லாரிக்காரன் நம்மைக் கேட்டு ஒதுங்குகிறான் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. சைலன்சரின் வாய் பின்னோக்கி இருக்கிறது ஐயா, எதிரே வருகிற லாரி முன்னால் இருக்கிறது. இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை. என் வண்டி, என் காசு என்பவர்களுக்கு: காசு உங்களுடையது, செவிப்பறை எங்களுடையது. எல்லா மாற்றமும் ஆபத்து, ஒன்றுக்கு இடம் கொடுத்தால் ஒன்பதும் வரும் என்று துறையின் ஓய்வுபெற்ற பெரியவர்கள் தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். ஒன்றுக்கும் இடம் கொடுக்காத இந்த ஆண்டுகளில் ஒன்பதும் வந்துவிட்டதை அவர்கள் வீட்டு ஜன்னலைத் திறந்து கேட்கலாம். நல்ல டயரும் நல்ல பிரேக்கும் மாற்ற நினைக்கிற பொறுப்புள்ள ஓட்டியையும், நெருப்புக் கக்கும் சைலன்சர் பூட்டுகிற பொறுக்கியையும் ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் முழுத்தடை செய்த ஒரே சாதனை. முன்னவர் பயந்து மாற்றாமல் விட்டுவிடுகிறார். பின்னவர் பயப்படுவதே இல்லை.

கடைக்காரர்களை யாரும் தொடுவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? சென்னை ஜி.பி. ரோட்டிலும் தில்லி கரோல்பாக்கிலும் சைலன்சர்கள் கடை வாசலிலேயே தொங்குகின்றன. விற்பது குற்றமில்லை போலும், பூட்டுவதுதான் குற்றம். தரமற்ற பாகம் விற்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் அபராதமோ இரண்டுமோ என்று 182ஏ பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் முக்கியப் பாதுகாப்பு உறுப்பு என்று அரசு அறிவித்தவற்றுக்கு மட்டும் அது பொருந்தும். சைலன்சரை அந்தப் பட்டியலில் சேர்க்க ஓர் அறிவிக்கை போதும். பத்தொன்பது வயதுப் பையனின் பைக்கைப் படம் பிடித்துச் செய்திக்கு அனுப்புவது எளிது, மொத்த வியாபாரியைத் தேடிப் போவது கடினம். எளிதானதைத் துறை தேர்ந்தெடுத்திருக்கிறது.

நான் கேட்பது இரண்டே. ஒன்று, மாதிரிக்கு அனுமதி தரும் கட்டத்திலேயே நின்ற நிலை ஒலியையும் அளந்து ஆர்.சி.யில் அச்சிடட்டும், இது மத்திய அரசின் வேலை. சோதனைச்சாலைக்குள் ஏற்கெனவே நிற்கிற வண்டிக்கு இன்னொரு மைக் வைப்பது பெரிய பாடில்லை. அனுமதி பெற்ற மாற்று சைலன்சர்களுக்கும் அதே எண், அதே முத்திரை. இரண்டு, ஒவ்வொரு புகைச் சோதனை மையத்திலும் ஓர் ஒலிமானி. இதற்குத் தில்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த மையங்களுக்கு உரிமம் தருவது மாநிலம்தான். சான்று இல்லாவிட்டால் கேமரா, அபராதம், காப்பீட்டுச் சிக்கல் எல்லாம் தானாகவே தொடரும். ஆண்டுதோறும் கழற்றி மாட்டும் சடங்குக்கு மெக்கானிக்குக் கொடுக்கிற கூலியே பெரும்பாலானோரைத் திருத்திவிடும். அப்படியும் திருந்தாதவரை, கையில் எண்ணோடு வழியில் மறிக்கலாம்.

இதைச் செய்தால் இரண்டு ஓணத்துக்குள் இந்தோரி சைலன்சர் காயலான் கடைக்குப் போய்விடும். சத்தம் போனால் பந்தயத்தின் போதையில் பாதி போய்விடும். கோவளம் பைபாஸில் சாவும் குறையும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வழுதக்காட்டில் இருக்கும் போக்குவரத்து ஆணையர் திருவனந்தபுரம் நகர மையங்களில் மட்டும் ஆறு மாதம் ஒலிமானி வைத்துப் பார்க்கட்டும். அந்த ஆறு மாதமும் ஆபரேஷன் எதற்கும் பெயர் யோசிக்க வேண்டியிருக்காது.