பழுதுபார்ப்பது மட்டும் புனரமைப்பு ஆகாது

வெள்ளம் வடிந்ததும் உடைந்த மதகு மீண்டும் கட்டப்படுகிறது. அதே அகலம், அதே உயரம். அடுத்த மாரியில் அதுவும் அள்ளுண்டு போகிறது. இது யாருடைய தவறு? கட்டிய மேசனின் தவறு மட்டுமன்று. பணம் தரும் விதியின் தவறுமாகும்.

அழிவுக்குப் பின் கிடைக்கும் நிதி பெரும்பாலும் முன்பிருந்ததை முன்பிருந்தபடி ஆக்குவதற்கே தரப்படுகிறது. வீதியை உயர்த்துவதும் மதகை அகலமாக்குவதும் ‘புதிய அபிவிருத்தி’ எனப் பெயர் பெற்று வேறு கணக்குக்குப் போய்விடுகின்றன. பொதுப்பணத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பது நியாயமே. ஆனால் உடையும் என்று தெரிந்தே ஒன்றைக் கட்டுவது சிக்கனமாகுமா?

2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டம். அதன் பின் அறுகம்பைப் பாலம் அமெரிக்க உதவியுடன் புதிதாகவே கட்டப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது. கொடுப்பவர் விரும்பினால் முன்பிருந்ததைவிடச் சிறப்பாகக் கட்ட முடியும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் 2024 நவம்பர் 26இல் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம், மதரஸா மாணவர்கள் வீடு திரும்பிய உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றது. பிள்ளைகள் பலர் மாண்டனர். வயல்வெளியை ஊடறுத்துச் செல்லும் அவ்வீதிக்கு வெள்ளம் புதிதன்று.

அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டு ஸ்டாஃபர்ட் சட்டத்தில், சேதமடைந்த பொதுக் கட்டுமானத்தைத் திருத்தும்போதே அதை வலுப்படுத்தவும் அதே நிதியிலிருந்து செலவிட இடமுண்டு. முன்னரிலும் சிறப்பாகக் கட்டுவோம் என 2015இல் சென்டாய் நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. எமது விதிகளும் அவ்வழி செல்ல வேண்டும் என்பதே எமது கருத்து.

விதி மாறும்வரை கைகட்டியிருக்கலாமா? இடம்பெயர்ந்து மீண்டும் வயலுக்குத் திரும்பும் குடும்பங்களே, சேத மதிப்பீட்டுக்குக் கிராம சேவகரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் வரும்போது கமக்காரர் அமைப்பின் பெயரில் ஒரு கடிதம் கொடுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, அந்த மதகு இதுவரை எத்தனை தடவை உடைந்தது, எத்தனை ஏக்கர் பயிர் அழிந்தது என எழுதுங்கள். உயர்த்திக் கட்டுவதற்கான செலவையும் அதே மதிப்பீட்டில் சேர்க்கும்படி கேளுங்கள். பிரதி ஒன்றைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

வளமான ஏழு ஆண்டுகளில் பஞ்சத்துக்கு ஆயத்தம் செய்த யோசேப்பை முஸ்லிம் சகோதரர்கள் யூசுப் நபியென அறிவர். வரப்போவதை எண்ணிச் செலவிடுவது இரு வேதங்களுக்கும் பொதுவான ஞானம்.