வேலையில் கெட்டிக்காரர், வாய்தான் இல்லை!

மும்பை அலுவலகங்களில் தமிழர்களுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. நேரத்துக்கு வருவார்கள், கணக்கில் பிசகு இராது, கொடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்கள். இந்தப் பாராட்டின் வாலில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வரும். "எதையும் கேட்க மாட்டார்கள்."

முதலில் சொன்ன மூன்றும் நமக்குப் பெருமை. கடைசியில் சொன்னதும் பெருமைதானா?

பதவி உயர்வுப் பட்டியலில், தனக்குப் பின்னால் சேர்ந்தவரின் பெயர் இருக்கிறது. நம்மவர் பேசுவதில்லை. மூன்று நாள் உட்கார்ந்து தயாரித்த கணக்கை வேறொருவர் தன் வேலையாக மேலதிகாரியிடம் நீட்டுகிறார். நம்மவர் பேசுவதில்லை. ஓவர்டைம் பணம் குறைகிறது. பொங்கலுக்குக் கேட்ட லீவு மறுக்கப்படுகிறது. இந்தி உச்சரிப்பைக் கேட்டு நாலு பேர் சிரிக்கிறார்கள். அப்போதும் பேசுவதில்லை. மாலை ரயிலில் சயான் வருவதற்குள் மனத்துக்குள்ளேயே நூறு பதில் சொல்லியாகிவிடும். மிச்சக் கோபம் வீட்டில் மனைவி மக்கள் மீது இறங்கும்.

அச்சம் எங்கிருந்து வந்தது?

நம் பெரியவர்கள் கோழைகள் அல்லர். அவர்கள் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. 1960-களில் 'மார்மிக்' வார இதழ், பம்பாய் அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. 1966-இல் சிவசேனை தோன்றியபோது, 'மண்ணின் மைந்தருக்கே வேலை' என்ற முழக்கம் முதலில் நம் பக்கம்தான் திரும்பியது. தென்னிந்தியர்களின் ஓட்டல்கள் தாக்கப்பட்டன. தன் பெயர் வெளியே தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று அன்றைய குமாஸ்தா நினைத்ததில் வியப்பில்லை. "வாயைக் கொடுத்து வம்பை விலைக்கு வாங்காதே" என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்தார்.

இன்று மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் அவருடைய பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்தவர்கள், மராத்தி சரளமாகப் பேசுகிறவர்கள். ஆனால் தாத்தாவின் அச்சம் மட்டும் வீட்டுச் சொத்துபோல அவர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

மௌனத்தின் விலை

மௌனம் செலவில்லாதது என்று எண்ணிவிடக் கூடாது. சரக்கு வராமலே வந்ததாக ஒரு பில் வருகிறது. "கையெழுத்துப் போடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் மேலதிகாரி. அவரை எதிர்த்துப் பேச அஞ்சி நம்மவர் போட்டுவிடுகிறார். பின்னால் விசாரணை வந்தால், அவர் வாயால் சொன்னது எந்தக் காகிதத்திலும் இராது. இவருடைய கையெழுத்து மட்டும் இருக்கும்.

பிராவிடண்டு பண்டும் அப்படித்தான். சம்பளத்தில் பிடித்த பணம் கணக்கில் ஏறவில்லை என்று தெரிந்தும் இன்று சும்மா இருப்பவர், ஓய்வு பெறும் நாளில் யாரிடம் போய் நிற்பார்?

சட்டம் என்ன சொல்கிறது?

நாம் இங்கே யாருடைய தயவிலும் இருக்கவில்லை. நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கவும் தொழில் செய்யவும் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு உரிமை தருகிறது. பிறந்த இடத்தைக் காரணம் காட்டி அரசு வேலையில் பாகுபாடு செய்வதை 16-வது பிரிவு தடுக்கிறது.

நம்மில் பலர் அறியாதது 350-வது பிரிவு. குறையைத் தெரிவிக்கும் மனுவை, மத்திய அரசு அதிகாரிக்கானால் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும், மாநில அரசு அதிகாரிக்கானால் அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம். ஆங்கிலம் சரியாக வராது என்பதற்காக மனுவே போடாமல் இருக்க வேண்டியதில்லை.

தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்கும் வழி உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அதில் நிர்வாகத்தின் ஆட்கள் எத்தனை பேரோ, தொழிலாளர்களும் அத்தனை பேர். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். வேலை இடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளாகும் பெண்களுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் அதற்கென உட்குழு இருந்தாக வேண்டும். புகாருக்குக் கெடு மூன்று மாதம். எழுத முடியாதவர்களுக்கு எழுத உதவுவதும் அந்தக் குழுவின் கடமை.

எப்படிப் பேசுவது?

திருக்குறளில் 'அவையஞ்சாமை' 73-வது அதிகாரம். அதற்கு முன் 72-வதாக 'அவையறிதல்' இருக்கிறது. இந்த வரிசையில் நமக்குப் பாடம் உண்டு. முதலில் இடத்தை அறிய வேண்டும். பிறகு அஞ்சாமல் பேச வேண்டும். முடிவெடுப்பவர் யார், விதி என்ன, கையில் சான்று என்ன என்று பார்க்காமல் நாலு பேர் முன்னால் கத்துவது துணிச்சலாகாது.

ஒரு பக்கம் எழுதினால் போதும். தேதி, தொகை, விதி மூன்றும் அதில் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். "தமிழன் என்பதால்தான்" என்று எடுத்த எடுப்பில் தொடங்க வேண்டாம். உண்மையிலேயே அப்படி நடந்திருந்தால், சொன்ன சொல்லையும் நாளையும் உடன் இருந்தவர்களையும் எழுதுங்கள்.

தனியாகவும் போகாதீர்கள். அதே அநீதி பக்கத்து மேஜை மராட்டியருக்கும் நடந்திருக்கும். அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு குறை வரும்போது நாமும் எழுந்து நிற்க வேண்டும். தன் ஆளுக்கு மட்டும் பேசுகிறவன் பேச்சுக்கு எங்கும் மதிப்பில்லை.

1918-இல் சென்னை பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்டபோது, தலைவராக வந்தவர் பி.பி.வாடியா. பம்பாயில் பிறந்த பார்சிக்காரர். அவருக்குத் தோள் கொடுத்தவர் திரு.வி.க. சாப்பாட்டு இடைவேளை அரை மணி போதவில்லை என்பது அன்று அந்தத் தொழிலாளர்கள் எழுப்பிய குறைகளில் ஒன்று. அங்கே தமிழருக்காகப் பம்பாய்க்காரர் வாய் திறந்தார். இங்கே நமக்காக நாம் திறக்கக் கூடாதா?

"வேலை போனால் யார் சோறு போடுவார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காண்டிராக்ட் தொழிலாளியைத் தனியாக மோதச் சொல்வது பாவம். அதனால்தான் நிரந்தர வேலையில் இருப்பவர், சட்டம் தெரிந்தவர், யூனியன் சந்தா கட்டுபவர் முதலில் பேச வேண்டும். அவரும் பேசாவிட்டால் கீழே இருப்பவருக்கு நாதி ஏது?

வம்பை விலைக்கு வாங்காதே என்ற பழமொழியை ஊரிலிருந்து மறக்காமல் கொண்டுவந்துவிட்டோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதும் அதே ஊர்ப் பழமொழிதான்.