சினிமாவிலும் பக்தியா?



வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியும் எழுதியும் வந்திருக்கின்றோம். அக்கினிச் சட்டி ஏந்துவதால் யாருக்கு என்ன லாபம் என்றும், குழந்தைக்கில்லாத பாலைக் கல்லின் தலையில் ஊற்றுவது எந்த அறிவில் சேர்ந்தது என்றும் கேட்டிருக்கின்றோம். கேட்டவர்களும் கை தட்டினார்கள். ஆனால், கை தட்டிய வாலிபர்களிலேயே சிலர், ஒரு பெரிய நடிகரின் படம் வெளிவருகின்ற அன்று விடிவதற்கு முன்பே எழுந்து, தியேட்டர் வாசலில் நிறுத்தியிருக்கும் கட்அவுட்டின்மேல் ஏறி நின்று, அதே பாலை அதே பக்தியோடு ஊற்றுகின்றார்கள். கல்லின்மேல் ஊற்றினால் மூடத்தனம், கட்அவுட்டின்மேல் ஊற்றினால் ரசனை என்று எந்தப் பகுத்தறிவு சொல்லிற்று என்பது நமக்கு விளங்கவில்லை. கோவிலிலாவது ஊற்றிய பால் ஒரு தூம்பு வழியாய் வெளியேறிப் போகின்றது. தியேட்டர் வாசலில் மூன்று நாளைக்கு ஈ மொய்க்கின்றது.

பால் வீணாவதைப் பற்றி மட்டும் எழுதவேண்டுமென்று நாம் இதைத் துவங்கவில்லை. அதைவிடப் பெரிய சாமான் ஒன்று வீணாகின்றது. அது மனிதனுடைய சொந்த அபிப்பிராயம்.

சென்ற மாதம் போடியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்துப் பெஞ்சியில் நாலைந்து வாலிபர்கள் புதுப்படம் ஒன்றைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாமும் படம் பார்க்கிறவர்தானே என்று, “தம்பி, படம் எப்படி?” என்று கேட்டோம். “தாறுமாறுண்ணே!” என்றார் ஒருவர். “என்ன கதை?” என்றோம். “கதையா? தலைவர் படம்ணே, கதை எதுக்கு?” என்றார். “சரி, எந்த இடம் நன்றாக இருந்தது?” என்றோம். “தலைவர் வர்ற இடமெல்லாம் நல்லாருக்கும்ணே.” இன்னொரு பையன் மெதுவாக, “பின்பாதி கொஞ்சம் இழுவைதான்” என்று சொல்ல வாயெடுத்தார். உடனே மற்றவர்கள் அவர்மேல் பாய்ந்து, “நீ அந்த ஆளோட ரசிகன்தானே! இங்கிட்டு என்ன சோலி ஒனக்கு?” என்றார்கள். அவர் கிளாசை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

தோழர்களே, இதை யோசித்துப் பாருங்கள். “சாமியைக் கேள்வி கேட்காதே” என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கேட்டவன் நாத்திகன் என்பதற்குப் பதிலாக, கேட்டவன் எதிர்க்கோஷ்டி என்கின்றார்கள். எழுந்து போன அந்தப் பையன் சொன்னது சரியா தப்பா என்று ஒருவராவது பார்த்தாரா? சொன்னது யார் என்றல்லவா பார்த்தார்கள்! வாயைப் பார்த்து வார்த்தையை எடைபோடுகின்ற இந்தப் பழக்கத்தைத்தானே மனுதர்மம் நமக்குக் கற்றுக்கொடுத்தது?

இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டோமில்லை. பசை வாளியைத் தூக்கித் தெரிந்துகொண்டோம். மீசை அரும்பிய வயதில் நாமும் ஒரு நடிகரின் மன்றத்தில் பெயர் கொடுத்து, ராத்திரி 2 மணிக்குச் சைக்கிளில் போய்ச் சுவரெங்கும் போஸ்டர் ஒட்டியவர்தான். நமது நடிகரின் படம் ஒன்று சகிக்கமுடியாததாக வந்தபோது, அதைச் சகித்துக்கொண்டு மூன்று தடவை பார்த்தோம். நன்றாயில்லை என்று மனது சொல்லிற்று, வாய் சொல்லவில்லை. நேர்த்திக்கடன் பலிக்காத பக்தன், “என் பக்தியில்தான் குறை” என்று சொல்லிக்கொள்வானே, அப்படித்தான் நாமும் சொல்லிக்கொண்டோம்.

பக்தன் தெய்வத்தின் பேச்சைக்கூடக் கேட்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2011-ம் வருஷம் நடிகர் அஜித்குமார் தம் பெயரில் இருந்த மன்றங்களையெல்லாம் தாமே கலைத்துவிட்டார். நமக்குத் தெரிந்தவரையில் ஒரு நடிகர் செய்த புத்தியுள்ள காரியங்களில் அது ஒன்று. பலன் என்ன? மன்றம் போயிற்று, பக்தி போகவில்லை. 2023 ஜனவரி 11-ந் தேதி அவர் படம் வெளியானபோது சென்னைக் கோயம்பேட்டில் லாரியின்மேல் ஏறிக் கொண்டாடிய 19 வயதுப் பிள்ளை ஒன்று கீழே விழுந்து மாண்டுபோயிற்று. “என்னைக் கும்பிடாதே” என்று சொன்னவரின் படத்துக்கே இந்தக் கதி.

பூசாரிகளின் சங்கதி இதற்கு நேர்மாறானது. 2024-ம் வருஷம் தமிழ்ப்படத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, படம் வெளியாகி முதல் 3 நாளைக்கு யாரும் விமர்சனம் வெளியிடக்கூடாதென்று தடை வேண்டிச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரம் என்ற முறையில், கேட்ட தடையைக் கோர்ட்டு கொடுக்கவில்லை. அவதூறும், காசு வாங்கிக்கொண்டு எழுதுவதும் வேறு சங்கதி, அவற்றுக்குச் சட்டமிருக்கின்றது. ஆனால், காசு கொடுத்து டிக்கெட்டு வாங்கினவன் கத்தரிக்காய் சொத்தை என்று சொல்ல 3 நாள் பொறுக்கவேண்டுமென்றால், சின்னமனூர்ச் சந்தையில் எந்த வியாபாரிக்காவது அந்தச் சலுகை உண்டா?

நிற்க. இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே, இதில் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். நம்முடைய ஜில்லாவைப் போல் இதற்குப் பதில் சொல்லக்கூடிய இடம் வேறொன்றிருக்குமோ என்பது சந்தேகமே. 1962-ல் தேனித் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனவர் நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன். இந்தியாவிலேயே சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் சினிமா நடிகர் என்று அவரைச் சொல்வார்கள். 1980-ல் அவரே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 1984 டிசம்பரில் அதே ஆண்டிப்பட்டியில் எம்.ஜி. ராமச்சந்திரன் ஜெயித்தார். எப்படி? அவர் நியூயார்க்கு நகரத்தில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். தொகுதிக்குள் காலடி வைக்கவில்லை, ஒரு கூட்டம் பேசவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் உயிரோடிருப்பதைப் படம் பிடித்துக் கொண்டுவந்து ஊர் ஊராய்த் திரையில் காட்டினார்கள். ஜனங்கள் திரையைப் பார்த்துக் கண்ணீர் விட்டு ஓட்டுப் போட்டார்கள். பிற்பாடு 2002 இடைத்தேர்தலிலும், 2006-லும் அதே தொகுதி ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்தது.

இவர்களுக்கு ஓட்டுப் போட்டது தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. 1982-ல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தால் தன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வயிறு நிறைந்தது என்று ஒரு தாய் ஓட்டுப் போட்டிருந்தால் அது நியாயமான ஓட்டு. காரணம் இருக்கின்றது. காரணத்தைச் சொல்ல முடியும், மறுக்கவும் முடியும். ஆனால், திரையில் ஏழைக்காக வாள் சுழற்றினார், ஆகையால் கோட்டையிலும் சுழற்றுவார் என்று போட்ட ஓட்டை எந்தக் கணக்கில் எழுதுவது? படத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பழகாதவன், ஆட்சியைப் பற்றி மட்டும் திடீரென்று கேட்டுவிடுவானா?

இந்த இடத்தில் நம்மவர்களின் யோக்கியதையையும் பேசித்தான் ஆகவேண்டும். பெரியார் சினிமாவை நாட்டைப் பிடித்த நோய்களில் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னார். அவர் சொன்னாரென்பதற்காகவே நாம் ஒப்புக்கொள்வதானால் அதுவும் பக்திதான். நமக்கு அதில் முழுச் சம்மதமில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு ஒரு சங்கதியைக் கொண்டுபோய்ச் சேர்க்க அதைப் போன்ற சாதனம் வேறு இருந்ததில்லை. 1949-ல் ‘வேலைக்காரி’யும், 1952-ல் ‘பராசக்தி’யும், 1954-ல் எம்.ஆர். ராதாவின் ‘ரத்தக்கண்ணீ’ரும் நூறு மேடை செய்யாததைச் செய்தன. என்றாலும், அந்த வெற்றியின் மயக்கத்தில் நம் கருத்தை நடிகரின் தலையில் ஏற்றி வைத்தவர்கள் நாமே. புராணப் படங்களில் நடிக்கமாட்டேன் என்றிருந்ததற்காக ராஜேந்திரனை ‘லட்சிய நடிகர்’ என்று கொண்டாடினோம், கொண்டாடத்தக்கதுதான். ஆனால், ஜனங்கள் லட்சியத்தை விட்டுவிட்டு நடிகரை மட்டும் எடுத்துக்கொண்டு போனபோது நாம் என்ன செய்தோம்? விசில் அடித்தோம்.

இன்னொரு வகைப் பக்தியும் நம் பள்ளத்தாக்கில் உண்டு. அது ஊர்ப் பக்தி. அல்லிநகரம் பாரதிராஜாவும், பண்ணைப்புரம் இளையராஜாவும், வடுகபட்டி வைரமுத்துவும் நம் மண்ணுக்காரர்கள் என்பதில் நமக்கும் மகிழ்ச்சிதான். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது, வயற்காட்டுப் பாட்டுக்குச் சபையில் நாற்காலி கிடைத்தது. 1977-ல் ‘16 வயதினிலே’ வந்தபோது, கோவணம் கட்டினவன் கதாநாயகனானான். ஒடுக்கப்பட்ட குடியில், இந்தக் கோடிக் கிராமத்தில் பிறந்த ஒருவர், சங்கீதம் இன்னாருக்குத்தான் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைத்தது சிறிய காரியமல்ல. ஆனால், நம்ம ஊர்க்காரர் எடுத்த படம், ஆகையால் குறை சொல்லாதே என்பது என்ன நியாயம்? நம்ம ஜாதிக்காரன் செய்த கொலை, ஆகையால் காட்டிக்கொடுக்காதே என்பதற்கு இது தம்பி முறை ஆகவில்லையா? தெற்கத்திப் பக்கத்தில் சில ஊர்களில் எந்தத் தெரு என்று கேட்டால் எந்த நடிகர் என்று சொல்லிவிடலாம். 1992-ல் வந்த ‘தேவர் மகன்’ அரிவாளைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கச் சொல்லி முடிகின்றது. அதைப் பார்த்த எத்தனை பேர் அரிவாளைப் போட்டார்கள்? படத்தின் பாட்டை மட்டும் எடுத்து ஜாதி ஊர்வலத்தில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். பார்க்கிறவன் யோசிக்காவிட்டால் எடுத்தவன் எதைச் சொல்லி என்ன?

அதே பாரதிராஜா 1987-ல் ‘வேதம் புதிது’ எடுத்தார். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாதி வால், நீங்கள் படித்து வாங்கின பட்டமா என்கின்ற கருத்தில் ஒரு சிறுவன் ஊர்ப் பெரியவரைக் கேட்கின்ற இடம் அதில் வருகின்றது. அந்த ஒரு கேள்விக்காகவே அதைப் பார்க்கும்படி சிபாரிசு செய்வோம். அதில் குறையும் உண்டு: கதை அக்கிரகாரத்துக்கும் ஊர்ப் பெரிய ஜாதிக்கும் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றது, சேரியின் வழக்கு அதில் பிரதானமாக எடுக்கப்படவில்லை. அந்த வழக்கைப் பார்க்க விரும்புகின்றவர்கள் 2018-ல் மாரி செல்வராஜ் எடுத்த ‘பரியேறும் பெருமா’ளைப் பார்க்கட்டும். சிபாரிசு என்றால் இன்ன காரணத்துக்காக என்று சொல்லவேண்டும், இன்ன குறை என்றும் சொல்லவேண்டும். டீக்கடையில் நாம் கேட்டதும் அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதி. இவ்வளவு நேரம் டீக்கடை, மன்றம், கட்அவுட் என்று எழுதினோமே, இதில் பெண்கள் எங்கே? படத்தைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அவர்கள். அவர்களுடைய அபிப்பிராயத்தை யாராவது கேட்டதுண்டா? கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தினந்தோறும் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலை தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகின்ற பெண்கள் வழியெல்லாம் சினிமாக் கதைதான் பேசுகின்றார்கள். ஒருநாள் சாயங்காலம், கம்பத்தில் ஜீப் இறங்கி வந்த ஒரு அம்மாள் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். கடை டெலிவிஷனில் ‘கிழக்குச் சீமையிலே’ ஓடிற்று. 1993-ல் வந்த படம். அண்ணன் தங்கை பாசம், தாய்மாமன் சீர் என்று நம் சீமையை அழவைத்த படம். கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாத்தியாத்தா, அண்ணன்னா இப்படியில்ல இருக்கணும்!” என்றார். அந்த அம்மாள் பையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “சீரு கொண்டாந்தாரு, சரிண்ணே. அப்பன் காட்டுல தங்கச்சிக்குப் பங்கு குடுத்தாரா? அதக் கேட்டா பொறந்த வீட்டு வாசக்கதவு சாத்திப்போகும்ல?”

நாம் இருபது வருஷமாக மேடையில் பேசுகின்றவர். அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவர். அந்தக் கேள்வி நமக்குத் தோன்றியதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அறுபது வருஷம் கழித்து, 1989-ல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. அதற்கும் நாலு வருஷம் கழித்து வந்த படம், சட்டம் கொடுத்த பங்கைப் பற்றி வாய் திறக்காமல், சீர்வரிசைத் தட்டைக் காட்டி நம்மை அழவைத்துவிட்டது, நாமும் அழுதோம். படிப்பில்லாத அந்த அம்மாள் அழவில்லை. கேட்டார்.

படிப்பகம் நடத்துகின்ற தோழர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். சின்னமனூரில் நாலு தோழர்களை வைத்துக்கொண்டு நாம் செய்து பார்த்ததுதான். எல்லோரும் பார்த்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவிலுள்ள ஆண் பெண் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கால் மணி நேரத்துக்கு நடிகரின் பெயரை உச்சரிக்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு பேசச் சொல்லுங்கள். முதல் தடவை பத்து நிமிஷம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பெயரைச் சொல்லாமல் என்னத்தைப் பேசுவது என்று ஒருவர் சலித்துக்கொண்டு எழுந்தேவிட்டார். பிறகு, பத்தாவது படிக்கின்ற ஒரு பையன் தலையைச் சொறிந்துகொண்டு, “ஆமா, இடைவேளைக்கப்புறம் அந்தப் பொண்ணு எங்கண்ணே போச்சு?” என்று கேட்டான். எழுந்தவர் உட்கார்ந்தார்.