மீன் தொட்டிக்கு முதலில் கால் வேண்டும்!

வீட்டில் செய்யும் ஸ்டாண்டே மேல். ஆனால் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தேவாரம். போடிநாயக்கனூருக்குப் பக்கத்து ஊர். காலையில் இருட்டு விலகும் முன்பே ஜீப்கள் புறப்படுகின்றன. ஆண்களும் பெண்களும் மலை ஏறி, ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். மாலையில் களைத்துத் திரும்புகிறார்கள்.

களைத்து வந்தவர்கள் சிறிது நேரம் உட்கார்ந்து பார்க்க ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் நாலு வண்ண மீன்கள். இந்த ஆசை தவறா? தவறே இல்லை. பணக்காரர் வீட்டுக்கு மட்டும்தான் அழகு சொந்தமா, என்ன?

ஆனால், பல வீடுகளில் ஆசை தலைகீழாகத் தொடங்குகிறது. முதலில் மீன் வாங்குகிறார்கள். பிறகு தொட்டி வாங்குகிறார்கள். கடைசியில்தான், "இதை எதன் மேல் வைப்பது?" என்று யோசிக்கிறார்கள். கையில் கிடைத்த ஸ்டூலிலோ, பழைய மேஜையிலோ வைத்துவிடுகிறார்கள்.

அங்கேதான் ஆபத்து!

எடை எவ்வளவு?

தண்ணீர் பார்ப்பதற்கு லேசு. தூக்கினால்தான் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு கன அடி தண்ணீர் ஏறக்குறைய 28 கிலோ.

தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் பெருக்கினால் நாலரை கன அடி வரும். அதை 28-ஆல் பெருக்கினால் 126 கிலோ. இது தண்ணீர் மட்டும். கண்ணாடிக்கு 20 கிலோ. அடியில் போடும் மணலும் கல்லும் இன்னொரு 20 கிலோ. ஆக, 166 கிலோ.

ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோ. மூன்று மூட்டைகளுக்கும் மேலான பாரம் அது! இரவும் பகலும் இறங்காத பாரம். அந்தப் பாரத்தின் பக்கத்தில்தான் குழந்தை தவழ்கிறது. பாட்டி பாய் விரித்துப் படுக்கிறார்.

வீட்டில் மீன் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். ஆனால் அதிர்ஷ்டம் எடையைத் தாங்காது. மரமும் இரும்பும் கல்லும்தான் தாங்கும்.

வாங்குவதா, செய்வதா?

"கடையில் இரும்பு ஸ்டாண்டு கிடைக்கிறதே! எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நேரம் இல்லாதவர்கள் கடையில் வாங்கலாம். பற்றவைத்த இடங்களைப் பார்த்து, நாலு காலும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று சோதித்து வாங்கினால் போதும்.

ஆனால் வீட்டில் செய்வதில் ஒரு லாபம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கன அளவு கணக்கைப் படிக்கும் பிள்ளைக்கு, அந்தக் கணக்கு எதற்கு என்று தெரிவதில்லை. தொட்டிக்கு ஸ்டாண்டு செய்யும்போது தெரிந்துவிடும். பையன் அளவு எடுக்கட்டும். பெண் பிள்ளை ரம்பம் பிடிக்கட்டும். அம்மா தூரிகை பிடிக்கட்டும். குடும்பமே சேர்ந்து செய்த பொருளை, குடும்பமே பார்த்துக்கொள்ளும்.

செய்வது எப்படி?

மிக எளிய வழி, செங்கல் தூண்கள் கட்டி, மேலே கடப்பைக் கல் போடுவது. 3 அடித் தொட்டிக்கு இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தூண்; நடுவிலும் ஒன்று. நடுத் தூண் இல்லாவிட்டால், பாரம் முழுவதும் கல்லின் நடுவில் விழும்.

மரத்தில் செய்வதானால் தேக்கு, வேம்பு, பலா எதுவும் உதவும். காய்ந்த மரமாக இருக்க வேண்டும். ஈர மரம் பிறகு வளையும். சாதாரண ஒட்டுப்பலகை வேண்டாம். தண்ணீர் பட்டால் உப்பிவிடும்.

மேல் சட்டம், காலின் தலை மேல் உட்கார வேண்டும். இதுதான் முக்கியம். காலின் பக்கவாட்டில் சட்டத்தை வைத்து ஆணி அடித்தால், 166 கிலோவையும் அந்த ஆணிகளே தாங்க வேண்டியிருக்கும். ஆணியின் வேலை பிடித்துக்கொள்வது, சுமப்பது அல்ல.

பின்பக்கம் குறுக்கே சட்டம் அடிக்க வேண்டும். நேராக நிற்கும் ஸ்டாண்டு, யாராவது பக்கத்திலிருந்து மோதினால் சாய்ந்துவிடும். குறுக்குச் சட்டம் அதைத் தடுக்கும்.

கடைசியாக ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மூலை தாழ்ந்திருந்தாலும் கண்ணாடி முறுக்கிக்கொண்டு விரிசல் விடும். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மோகோல் அட்டை வைத்தால், சிறு மேடு பள்ளங்களை அது சரிசெய்துவிடும்.

பெயிண்ட் அழகுக்கு மட்டுமா?

இல்லை. பெயிண்ட் ஸ்டாண்டுக்குச் சட்டை. தண்ணீரிலிருந்து காப்பது அதுதான்.

மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, முதலில் பிரைமர் பூச வேண்டும். அது காய்ந்த பிறகு எனாமல் பெயிண்ட் இரண்டு தடவை. இரும்பானால் துருவைச் சுரண்டிவிட்டு, ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் எனாமல்.

பலர் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை மட்டும் பூசுகிறார்கள். காலின் அடிப்பாகத்தைப் பூசுவதில்லை. தரையில் சிந்தும் தண்ணீரை மரம் உறிஞ்சுவது அந்த இடத்தில்தான். முகத்துக்குப் பவுடர் பூசி, காலில் செருப்பில்லாமல் முள்ளில் நடப்பது போன்றது அது!

பரண் மேல் கிடக்கும் பழைய பெயிண்ட் டப்பாவை எடுக்க வேண்டாம். பழைய பெயிண்டுகளில் ஈயம் இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. எனவே புதிய டப்பாவே நல்லது.

பெயிண்ட் வாடை முற்றிலும் போன பிறகுதான் தொட்டியை ஏற்ற வேண்டும். காற்றுப் பம்பு, அறையில் இருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. அறையில் டர்ப்பன்டைன் வாடை இருந்தால், அதையும் சேர்த்து விடும். மீன் எங்கே ஓடும்?

சாமான் அறை

பம்பு, வடிகட்டி, வலை, தீனி, வாளி, குழாய் இவற்றுக்கென்று ஓர் இடம் வேண்டும். தனி அறை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலை போதும். ஒரு சிறு அலமாரியும் போதும். வெள்ளை பூசி, காற்றோட்டம் வைத்தால் சரி.

அங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பம்பு தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால், மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வந்து பம்பை நனைத்துவிடும். கீழேதான் வைக்க முடியும் என்றால், தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு ஒன்றைக் குழாயில் மாட்ட வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். ஒயர் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்கில் சேர வேண்டும். அப்போதுதான் ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இருப்பது இன்னும் நல்லது. மீன் செத்தால் வேறு மீன் வாங்கலாம். மனிதரை வாங்க முடியுமா?

மூன்றாவது, வாளி. பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துத் தொட்டியில் ஊற்றுவது வழக்கம். திறந்த வாளியில் கொசு முட்டையிடும். டெங்கு பரப்பும் கொசுவுக்கு இப்படிப்பட்ட தண்ணீர்தான் பிடிக்கும். ஆகவே வாளியின் மேல் மெல்லிய துணியைக் கட்டி வைக்க வேண்டும்.

பொறுமையும் ஒரு கருவி

கண்ணாடிக்குள் மீன் வளர்ப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1832-ல் சிசிலித் தீவில் ழான் வில்லெப்ரோ-பவர் என்ற பெண்மணி, கடல் உயிர்களை ஆராயக் கண்ணாடித் தொட்டி செய்தார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மக்கள் பார்க்க மீன் காட்சி திறந்தார்கள். 1909-ல் சென்னை மெரீனாவிலும் ஒரு மீன் காட்சி சாலை வந்தது.

இத்தனை ஆண்டு அனுபவம் சொல்வது ஒன்றுதான்: அவசரம் கூடாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. அதை மாற்றும் நல்ல கிருமிகள் புதிய தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். முதலில் இரண்டு மூன்று மீன்களே போதும்.

ஆற்றில் விடாதீர்கள்!

அலுத்துவிட்டால் என்ன செய்வது? "பாவம், கால்வாயில் விட்டுவிடலாம்" என்று நினைக்கிறார்கள். அது புண்ணியம் அல்ல, பாவம்!

ஜிலேபி மீன் நம் நாட்டு மீன் அல்ல. 1952-ல் வெளியிலிருந்து வந்தது. இன்று அது இல்லாத குளம் எது? மலைக்கு மேலே பெரியாற்றில், உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் இருக்கின்றன. வெளி மீன்கள் பெருகினால் அவற்றின் இரையும் இடமும் போய்விடும். 1895 முதல் கம்பம் பள்ளத்தாக்குக்குச் சோறு போடுவது அந்தப் பெரியாற்றுத் தண்ணீர்தான். அதற்கு நன்றி காட்டும் வழி இதுவா? வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ, வளர்க்கும் வேறு வீட்டாரிடமோ கொடுத்துவிட வேண்டும்.

ஒரு தொட்டி வைப்பது சிறு காரியம்தான். ஆனால் அதில் பாரம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, உயிர் இருக்கிறது. ஆகவே மீனுக்கு எடுத்து வைத்த பணத்தில் முதல் பங்கை ஸ்டாண்டுக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம். ஸ்டாண்டு நின்று, பெயிண்ட் காய்ந்து, பம்பு ஓடட்டும்.

மீன் கடைசியில் வரட்டும்!