குப்பைக்கு ஆர் காசு கட்டுறது?



போன கிழமை அம்மா ஒரு கடிதத்தை என்னட்ட நீட்டினா. பிரெஞ்சுக் கடிதம் வாசிக்கிறது எங்கட வீட்டில் ஏழு வயசிலிருந்தே என்ர வேலை. கட்டட முதலாளி எழுதியிருந்தார்: நகரசபை வரி கூடிவிட்டது, ஆகவே ஜூலை 1 தொடக்கம் வாடகையும் கூடும். அதற்குக் கீழே, குப்பையை ஒழுங்காகப் பிரித்துப் போடவும் எண்டும் இருந்தது. "எந்த வாளியில பிரிக்கிறது?" எண்டு அம்மா கேட்டா. எங்கட கட்டடத்தில் 24 வீடுகள். சாப்பாட்டுக் கழிவு போடுற மண்ணிற வாளி இன்னும் ஒண்டும் வந்து சேரேல்லை.

மொன்றியலின் குப்பைக் கொள்கை முழுக்க இந்தக் கடிதத்தில் இருக்கு எண்டு நான் சொல்லுவன். இலக்கு பெரிசு: 2030க்குள் 85 வீதமான கழிவு குப்பைமேட்டுக்குப் போகக்கூடாது. அந்த இலக்கோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மண்ணிற வாளி முதலில் எட்டு வீடுகள் வரையுள்ள கட்டடங்களுக்குத்தான் வந்தது. ஒன்பதும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்கள், அதாவது பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டே-நேஜிலும் நாங்கள் அடுக்கடுக்காக வாழுற கட்டடங்கள், கடைசி வரிசையில். 2025க்குள் எல்லாருக்கும் எண்டது திட்டம். இதற்கிடையில் 2023இல் மெர்சியே–ஹொஷலாகா-மேசோன்னெவ் போரோவில் குப்பை லொறியை இரண்டு கிழமைக்கு ஒருக்கா ஆக்கத் தொடங்கினவை. பெரிய வளவு இருந்தால் அது சமாளிக்கிற விசயம். ஜூலை வெயிலில், மூன்றாம் மாடியில், மீன் தலையை வைச்சுக்கொண்டு இரண்டு கிழமை இருந்து பாருங்கோ. எலி வந்தால் பழி எங்களுக்கு. "இந்த ஆக்கள் ஊத்தை" எண்டு பஸ்ஸில் என்ர காது படவே சொன்னவை.

சைக்கிள் ஓடுற என்ர கம்பஸ் நண்பர்களுக்கு இது "பழக்கவழக்கப் பிரச்சினை". லாவலில் வீடு வாங்கின மாமாமாருக்கு "வரியே கூடாது". இரண்டு பேரும் பிழை.

மாமாமாருக்கு முதலில். நகரத்துக்கு வரி வேணும். எங்கட போரோவிலேயே சேன்-மிஷெலுக்கு ஒருக்கா போய்ப் பாருங்கோ. மிரோன் கல்லுக் குழியில் 1968 தொடக்கம் நகரத்தின் குப்பையைக் கொட்டினவை, கிட்டத்தட்ட 4 கோடி தொன். பக்கத்தில் இருந்த தொழிலாளர் குடும்பங்கள் கல்லுடைக்கிற தூசியையும், பிறகு நாத்தத்தையும் வருசக்கணக்காகச் சுவாசிச்சு, வருசக்கணக்காகப் போராடினவை. 2000இல்தான் வீட்டுக் குப்பை நிண்டது. இண்டைக்கு அது ஃபிரெடெரிக்-பாக் பூங்கா. புல்லுக்கு மேல தெரியிற அந்த வெள்ளை உருண்டைகள் அலங்காரம் இல்லை, உள்ளே இருக்கிற குப்பையின் வாயுவை இழுக்கிற கிணறுகளின் மூடி. அந்தப் பூங்கா பொதுக்காசில வந்தது. இப்ப எங்கட குப்பை தீவைத் தாண்டி, தெரபோன் போன்ற ஊர்களுக்குப் போகுது. கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேட்டுக்குக் கிட்ட இருந்த ஏழைகளும் எத்தனையோ தரம் கத்திப் பார்த்தவை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மலை சரிஞ்சு 30 பேருக்கு மேல செத்தவை. குப்பை எப்பவும் குரல் குறைஞ்ச ஆக்களின்ர வாசலைத்தான் தேடிப் போகுது.

அப்ப அந்த வரியை ஆர் கட்டுறது? 2024 வரவுசெலவுத் திட்டத்தில் வீடுகளின் சொத்துவரி சராசரி 4.9 வீதம் கூடினது. இந்த நகரத்தில் பத்துக் குடும்பத்தில் ஆறுக்கு மேல வாடகைக்கு இருக்கு. கியூபெக்கில் வாடகை உயர்வைக் கணக்குப் பார்க்கேக்க கூடின நகரசபை வரியும் அதற்குள் சேருது. முதலாளியின் கைக்கு வந்த பில் எங்கட கைக்கு மாறுது. வீட்டின்ர விலை ஏறின லாபம் மட்டும் அவரிட்டயே நிக்குது.

"எவ்வளவு குப்பையோ அவ்வளவு காசு" எண்ட முறையையும் சிலர் மெச்சுகினம். பீக்கன்ஸ்ஃபீல்ட் 2016 தொடக்கம் அப்படித்தான் செய்யுது. சரி, அங்க ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாளி, தனி வளவு. 24 வீட்டுக்கு ஒரு இரும்புத் தொட்டி இருக்கிற இடத்தில ஆரின்ர குப்பையை நிறுக்கிறது? அம்மாவின்ர முருங்கைக்காய்ச் சக்கையையா?

வேற வழி இருக்கு. 2025 ஜனவரி 1 தொடக்கம் கியூபெக்கில் நீலப்பெட்டி மீள்சுழற்சியின் பொறுப்பும் செலவும் பொதிகளைச் சந்தைக்கு விடுற கொம்பனிகளுக்கு, எக்கோ ஆந்தர்ப்ரீஸ் கியூபெக் ஊடாக. அதற்குப் பிறகு உலகம் ஒண்டும் இடிஞ்சு விழேல்லை. அப்படியெண்டால் பெரிய கட்டட முதலாளிகளுக்கும் சொல்லேலும்: வாளிக்கு இடம் ஒதுக்கு, துப்புரவாக வைச்சிரு, இல்லாட்டி தண்டம் உனக்கு, வாடகையில் ஏத்தாதே. வாளி வாறதுக்கு முதல் லொறியைக் குறைக்காதே எண்டு நகரசபைக்கும் சொல்லவேணும்.

நடைமுறைக்கு ஒரு விசயம். வாடகை கூட்டுற கடிதம் கிடைச்சால் பெரும்பாலான வீடுகளில் ஒரு மாதத்துக்குள் மறுத்து எழுதலாம், வீட்டை விட்டுப் போகத் தேவையில்லை. பிறகு முதலாளிதான் தீர்ப்பாயத்துக்குப் போகவேணும். எங்கட பெற்றோரில் கனபேருக்கு இது தெரியாது, கையெழுத்து வைச்சுக் குடுத்திடுகினம். தயவுசெய்து அவையின்ர கடிதத்தை வாங்கி வாசியுங்கோ. அம்மாவின்ர மறுப்புக் கடிதத்தை நான் நேற்று பதிவுத்தபாலில் போட்டிட்டன்.

அடுத்த போரோ சபைக் கூட்டத்தில் கேள்வி நேரம் இருக்கு. உங்கட கட்டடத்துப் பின்வளவைப் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ. அம்மாவும் வாறா. அவ தமிழில் கேப்பா, நான் பிரெஞ்சில் சொல்லுறன்.