8,000 ரூபாய் உதவித்தொகையில் லேப்டாப்: முனிர்கா மாணவர்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி

ஊரிலிருந்து வந்து, டெல்லி முனிர்காவில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி, பக்கத்தில் இருக்கும் ஜேஎன்யுவில் பிஎச்டி படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் கிடைத்திருந்தால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர்களுக்கு, மத்தியப் பல்கலைக்கழகங்களில் தரப்படும் நான்-நெட் உதவித்தொகை 8,000 ரூபாய்தான். ஒரு லட்சம் ரூபாய் லேப்டாப் முதலாமவருக்கு மூன்று மாத உதவித்தொகைக்குள் அடங்கிவிடும். இரண்டாமவருக்கு? பன்னிரண்டரை மாதம். அதுவும் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் இருந்தால்!

அதனால்தான் "இப்போ கம்மியா வாங்கிட்டு, அப்புறம் ரேம் ஏத்திக்கலாம்" என்ற பழைய யோசனை மாணவர்களிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் எல்லா லேப்டாப்பும் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

சரி, 'மாட்யுலர்' லேப்டாப் வாங்கிவிட்டால்?

அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021 முதல் அப்படிப்பட்ட லேப்டாப்பை விற்கிறது. மதர்போர்டு, பேட்டரி, திரை, கீபோர்டு எல்லாவற்றையும் ஒரே ஸ்க்ரூடிரைவரால் நீங்களே மாற்றலாம். 16 அங்குல மாடலில் கிராஃபிக்ஸ் பகுதியையும் கழற்றி மாட்ட முடியும். சிக்கல் என்னவென்றால், அந்த நிறுவனம் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. 2023 ஆகஸ்ட் 3 அன்று லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று அரசு அறிவித்தபோதும், சொந்த உபயோகத்துக்குக் கூரியரில் ஒன்று வரவழைக்க விலக்கு இருந்தது. ஆனால் சுங்க வரி கட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பயணப் பொதியில் ஒன்று கொண்டுவந்தால் வரி இல்லை. அப்படியே கையில் கிடைத்தாலும், உடைந்த பாகத்துக்கு யாரிடம் போவீர்கள்? என் கருத்தில், முனிர்கா மாணவருக்கு இது இப்போதைக்குச் சரிவராது.

ரேம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் 7,24,115 பெண்களிடம் தகவல் எடுத்தார்கள். 'ஆர்' மென்பொருள் ஒரு எண்ணுக்கு 8 பைட் எடுத்துக்கொள்ளும். அதில் 1,000 பத்திகளை மட்டும் திறந்தாலே சுமார் 5.8 ஜிபி ஆகிவிடும். இடையில் ஒரு நகல் எடுத்தால் இரட்டிப்பு. 8 ஜிபி மெஷின் அங்கேயே திணறி நிற்கும். 16 ஜிபியில் சமாளிக்கலாம், 32 இருந்தால் நிம்மதி. (தேவையான பத்திகளை மட்டும் ஏற்றப் பழகினால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது வேறு விஷயம்.)

எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது பிராசஸரைப் பற்றி அல்ல. "ரேம் ஸ்லாட்ல இருக்கா, போர்டுலயே பற்றவச்சதா?" என்று கேளுங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். வாங்கிய நாளில் என்ன இருக்கிறதோ, கடைசிவரை அதுதான். மேக்புக்கும் அப்படித்தான், அதில் எஸ்எஸ்டியையும் பிறகு கூட்டிக்கொள்ள வழியில்லை. மாடல் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. லெனோவோ திங்க்பேட் டி14-இன் இன்டெல் ரகத்தில், நான்காம் தலைமுறை வரை ரேமின் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டிருந்தது. 2024-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் இரண்டு ஸ்லாட்டும் திறந்திருக்கின்றன. பெயர் அதேதான், உள்ளே இருப்பது வேறு.

கிராஃபிக்ஸ் சிப் விஷயத்தில் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். சாதாரண லேப்டாப்பில் அதைப் பிறகு மாற்றவே முடியாது. பெரிய மாடல்களைப் பயிற்றுவிப்பவர்கள் பல்கலைக்கழக சர்வரையோ, வாடகை கிளவுடையோதான் நாட வேண்டியிருக்கும்.

இதற்கு நடுவில், 'பின்னாடி ஏத்திக்கலாம்' கணக்கையே சந்தை கலைத்துவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டதால் 2025 கடைசியில் ரேம் விலை வேகமாக ஏறியது. மைக்ரான் நிறுவனம், சில்லறையில் விற்றுவந்த தன் 'குரூஷியல்' பிராண்டை மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. குஜராத்தின் சனந்தில் அரசு மானியத்தோடு ஆலை அமைக்கும் அதே மைக்ரான்தான்! ஆகவே ஸ்லாட் இருக்கட்டும், ஆனால் 8 ஜிபியோடு வாங்கி விலை இறங்கக் காத்திருக்க வேண்டாம். முடிந்தால் 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்கி, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள்.

அரசு உதவுமா? பிரான்சில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்கும்போதே, அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் காட்ட வேண்டும். இந்தியாவிலும் அப்படியொரு குறியீட்டுக்காக நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. ஆனால் முதல் கவனம் ஸ்மார்ட்போன், டேப்லெட் மீதுதான். லேப்டாப் வாங்குபவர் இப்போதைக்குத் தானே சோதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதை இரண்டு நிமிடத்தில் செய்யலாம். முனிர்காவிலிருந்து மெஜந்தா மெட்ரோவில் நேராக நேரு என்கிளேவ் இறங்கி நேரு பிளேஸ் போங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் விண்டோஸ் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'மெமரி'யைச் சொடுக்குங்கள். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'எஸ்ஓடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பற்றவைத்தது. இரண்டும் கலந்த மாடல்களும் உண்டு, அதனால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள்.